சிவப்பாகிப் போன ஸ்டிக்கர்
விளம்பரத்தில் போனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுக் காட்டுவதை நம்ப வேண்டாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது முழுக்க உண்மை. ஐபி68 என்பது போனுக்குள் தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான தரக்குறியீடு; அது ஆய்வுகூடத்தில், அசையாத நன்னீரில், புதுப் போனுக்குச் செய்யும் சோதனையில் கிடைப்பது. இலங்கை மலையகத்தில் உள்ள எங்கள் தலவாக்கலையில் ஜூன், ஜூலை மாதங்களில் மழையும் பனிமூட்டமும் விடாது. தங்கச்சி கொழுந்து பறித்த சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய போனில், மூன்றாம் மாதமே கமரா கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது. கடைக்குக் கொண்டுபோனோம். சிம் தட்டை இழுத்து, உள்ளே நகக்கண் அளவு ஸ்டிக்கரைக் காட்டினார்கள். வெள்ளையாக இருக்க வேண்டியது சிவப்பாகியிருந்தது. "தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டி இல்லை." சரி, அதை விற்கும்போதே சொல்லியிருக்கலாமே! அவள் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த நிபந்தனையைப் பெட்டியின் முன்பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.