ஷார்ட் அடிப்பவன் பாவியா?

நேற்று நம் பங்கு முதலீட்டுக் குழுவில் நடந்த சண்டையைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். ‘ஷார்ட் அடிக்கிறவன் அடுத்தவன் வயிற்றில் அடிக்கிறவன்’ என்று ஓர் அண்ணன் எழுத, வரிசையாகக் கைதட்டல். (ஷார்ட் அடிப்பது என்றால், விலை இறங்கும் என்று எண்ணிப் பங்கை இரவல் வாங்கி விற்பது.) ஒரு நிறுவனத்தைப் பற்றி, ‘விற்பனையைவிட வரவேண்டிய பாக்கி ஏன் வேகமாக ஏறுகிறது?’ என்று கேட்ட தம்பியைக் குழுவை விட்டே தூக்கிவிட்டார்கள். மனசு ஆறவில்லை, எழுதுகிறேன்.

ஷார்ட் அடிப்பது பாவம் இல்லை. பொய்க் கணக்குக் காட்டுவதுதான் பாவம்.

ஷார்ட் அடிப்பவர் பங்கை இரவல் வாங்கி, விற்று, பிறகு சந்தையில் வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரவலுக்குக் கட்டணம் உண்டு. இடையில் டிவிடெண்ட் (நிறுவனம் தரும் லாபப் பங்கு) வந்தால் அதையும் ஷார்ட் அடித்தவரே ஈடுகட்ட வேண்டும். 1 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விற்ற பங்கு ஒன்றுமில்லாமல் போனாலும் லாபம் 1 வெள்ளிதான். 5 வெள்ளிக்கு ஏறினால் நஷ்டம் 4 வெள்ளி, அதற்கு மேலும் எல்லை கிடையாது. வாங்கி வைத்த பங்கு இறங்கினால் நம் கணக்கில் அதன் பங்களிப்பு சுருங்கும், பார்க்காமல் விட்டுவிடலாம். ஷார்ட் தவறினால் அது பெருத்துக்கொண்டே போகும், புரோக்கர் மார்ஜின் (கூடுதல் பிணைப் பணம்) கேட்பார், தூக்கம் போகும். 2008 அக்டோபரில் வோக்ஸ்வேகன் பங்கு 1,000 யூரோவைத் தாண்டியது. பிறகு சரிந்தது, ஆனால் ஷார்ட் அடித்தவர்களில் அதுவரை தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் நஷ்டத்தோடு வெளியேறியிருந்தார்கள். இதையா சுலபமான காசு என்கிறீர்கள்?

‘நல்ல நிறுவனத்தையே கவிழ்த்துவிடுவார்களே?’ சிங்கப்பூரின் விளைபொருள் வணிக நிறுவனமான ஓலம் கவிழவில்லையே! 2012இல் ஷார்ட் அடித்து அறிக்கை விடும் மடி வாட்டர்ஸ் அதைத் தாக்கியது, சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக் பங்குகளை வாங்கிக் குவித்தது, ஓலம் நின்றது. மூலப்பொருள் வணிக நிறுவனமான நோபள் நிற்கவில்லை. 2015இல் ஐஸ்பெர்க் என்ற ஆய்வு அமைப்பு அதன் கணக்கைக் கேள்வி கேட்டபோது திட்டு வாங்கியது ஐஸ்பெர்க்தான். தவறான தகவல் வெளியிட்டதற்காக 2022இல் சிங்கப்பூர் நாணய ஆணையம் நோபளுக்கு 12.6 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது. ஏழு வருடம்!

சிங்கப்பூர்ச் சந்தையில் ப்ளூமோன்ட், ஏசியாசன்ஸ், லயன்கோல்ட் ஆகிய மூன்று பங்குகளும் செயற்கையாக ஏறியபோது அறம் பேசியவர் யார்? 2013 அக்டோபரில் அவற்றின் மதிப்பில் சுமார் 8 பில்லியன் வெள்ளி கரைந்தது. விலையை ஏற்றிய இருவருக்குத்தான் 36, 20 ஆண்டு சிறை. நீர்ச் சுத்திகரிப்பு நிறுவனமான ஹைஃபிளக்ஸில் 34,000 சிறு முதலீட்டாளர்கள் தவித்தார்களே, அந்தப் பணத்தை எந்த ஷார்ட் தின்றது?

ஷார்ட் அடித்துவிட்டு வதந்தி பரப்புவது குற்றம், மறுக்கவில்லை. ஆனால் ஷார்ட் மறைவாக நடப்பதில்லை. 2013 மார்ச்சிலிருந்து எஸ்ஜிஎக்ஸில் (சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை) ஷார்ட் ஆர்டரை ஷார்ட் என்றே குறிக்க வேண்டும். 2018 அக்டோபரிலிருந்து ஒருவரின் ஷார்ட் நிறுவனப் பங்குகளில் 0.2 விழுக்காடு அல்லது 2 மில்லியன் வெள்ளி, எது குறைவோ அதைத் தொட்டால் அறிவிக்க வேண்டும். எல்லா ஷார்ட்களின் மொத்தக் கணக்கு வாராவாரம் வெளியாகிறது. போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. அந்த இரவல் பங்கு எங்கிருந்து வருகிறது? நீண்ட காலம் பங்கு வைத்திருப்பவர்களிடமிருந்துதான். நம் பங்குகளைப் பதிவில் வைத்திருக்கும் சிடிபியின் இரவல் திட்டத்தில் நம்மைப் போன்றவர்களும் பங்கைக் கொடுத்துக் கட்டணம் வாங்கலாம். கட்டணத்தை வாங்கிக்கொண்டு, கேட்டு வந்தவனைப் பாவி என்பது எனக்கு வலிக்கிறது.