எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டில், சாப்பிட்டுவிட்டு வெற்றிலைத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அக்கா மகன் கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டினான். புதுப்படம் ஒன்றின் விளம்பரம். உலகெங்கும் இத்தனை நூறு கோடி, வரலாறு காணாத வசூல்! "மாமா, உங்கள் காலத்துப் படங்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் இதில் பாதி வராது" என்றான். "சரி, இந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள்?" என்று கேட்டேன். தேடினான், தேடினான், கிடைக்கவில்லை. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த எண்ணை மட்டும் மறைத்துவிட்டு ரூபாயைத் தூக்கிக் காட்டுகிறார்களே, அவர்கள் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

என் அப்பா டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கொடுத்தவர். எழுபதுகளின் கடைசியில் அங்கே தரை டிக்கெட் 40 பைசா. இரண்டாம் ஆட்டம் தொடங்கியதும் டி.சி.ஆர். என்கிற அன்றாட வசூல் கணக்குத் தாளை விரித்து, தரை இத்தனை பேர், பெஞ்சு இத்தனை பேர், சேர் இத்தனை பேர் என்று எழுதுவார். தலைக்கணக்கு முதலில், ரூபாய்க் கணக்கு பிறகு. இன்று மல்டிபிளெக்ஸில் ஒருவர் 190 ரூபாய் கொடுக்கிறார். இவர்கள் கணக்குப்படி அந்த ஒருவர், அப்பாவின் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்த 475 பேருக்குச் சமம்! இதையா சாதனை என்று கொண்டாடுவது?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தமிழ்நாட்டு மல்டிபிளெக்ஸ்களில் டிக்கெட் விலை பல ஆண்டுகள் 120 ரூபாய்க்குள் நின்றது. 2017 ஜூலையில் 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, 120 என்பது 153 ஆனது. அக்டோபரில் அரசு விதித்த விலை வரம்பு, வரி நீங்கலாக, 150 ஆக உயர்ந்து, உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்தபோது தமிழ்ப் படத்துக்கே டிக்கெட் 204 ரூபாய். நான்கே மாதம். அதே அரங்கில் அதே 10,000 பேர் ஜூனில் பார்த்தால் 12 லட்சம், அக்டோபரில் பார்த்தால் 20 லட்சத்துக்கு மேல். ஒரு ரசிகர்கூடக் கூடவில்லை. கூடியதில் பெரும்பகுதி அரசாங்கத்துக்குப் போகும் வரி. அந்த வரியையும் சேர்த்துத்தான் 'கிராஸ்', அதாவது மொத்த வசூல், என்று போஸ்டரில் அச்சடிக்கிறார்கள். நாம் கட்டிய வரி எப்படி ஒரு நடிகரின் சாதனை ஆகும்?

வெளிநாட்டு வசூல் இன்னும் மோசம். 2007இல் ஒரு டாலர் ஏறக்குறைய 41 ரூபாய். 2023இல் 82க்கும் மேல். அன்று 10 லட்சம் டாலர் ஈட்டிய படத்துக்கு 4 கோடி என்று எழுதினார்கள். 2023இல் அதே 10 லட்சம் டாலருக்கு 8 கோடி என்று எழுதினார்கள். ரூபாய் மதிப்பு இறங்கியதைக்கூடக் கைதட்டி வரவேற்கிறோம்.

பழைய நடிகர்களின் ரசிகர்களையும் நான் விடமாட்டேன். அவர்கள் அன்றைய தங்க விலையை எடுத்துப் பெருக்கி, இன்றைய மதிப்பில் ஆயிரம் கோடி, இரண்டாயிரம் கோடி என்று காணொளி போடுகிறார்கள். தங்கம் ஏறிய வேகத்தில் அரிசி ஏறவில்லை. பணவீக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும், மறுக்கவில்லை. 1939இல் வந்த 'கான் வித் த விண்ட்' படத்தை, பணவீக்கத்தைச் சேர்த்தால் 'அவதார்' படத்துக்கும் மேலே, முதலிடத்தில் வைக்கிறது கின்னஸ். ஆனால் அந்தப் படம் பல பத்தாண்டுகளில் திரும்பத் திரும்ப வெளியானது. எந்த ஆண்டு விலையால் பெருக்குவது? நம் ஊரிலும் அப்படித்தானே? நகரத்தில் ஓடிய அதே பிரதி, தேய்ந்து கோடு விழுந்து, ஆண்டுகள் கழித்து எங்கள் கொட்டகைக்கு வரும். 1944இல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளி கண்டது. அதை எந்தச் சூத்திரத்தில் போட்டுக் கோடியாக்குவீர்கள்?

பிரான்சில் ஆள்கணக்கைத்தான் பேசுகிறார்கள். 1966இல் வந்த ஒரு நகைச்சுவைப் படத்தை அங்கே 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். 2008இல்தான் இன்னொரு பிரெஞ்சுப் படம், 2 கோடிப் பேருடன், அதை முந்தியது. நடுவில் பிராங்க் போய் யூரோவே வந்துவிட்டது, ஒப்பீடு கெடவில்லை. தென்கொரியாவில் அரசு சார்ந்த திரைப்பட அமைப்பே பார்வையாளர் எண்ணிக்கையைப் பொதுவில் வைக்கிறது.

இங்கே என்ன தடை? அப்பா விளக்கு வெளிச்சத்தில் எண்ணி எழுதியதை இன்று கணினி நொடியில் எண்ணிவிடுகிறது. எத்தனை இருக்கை நிரம்பியது என்பது தயாரிப்பாளருக்குத் தெரியும், விநியோகஸ்தருக்குத் தெரியும், வரித்துறைக்கும் தெரியும். காசு கொடுத்து உள்ளே போய் உட்கார்ந்த நமக்கு மட்டும்தான் தெரியாது. அடுத்த போஸ்டரில் கோடியை எடுத்துவிட்டு அந்த ஒற்றை எண்ணைப் போடுங்கள்.