ஓவியப் போட்டி போதும், நம் ஆசிரியர் அறையைப் பார்ப்போம்

கடலூர், புதுச்சேரி பக்கம் கத்தோலிக்கப் பள்ளிகளில் வேலை பார்க்கிற நண்பர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நம் பள்ளிகளில் சுற்றுச்சூழல் என்றாலே பிள்ளைகளுக்கு வைக்கிற போட்டி என்று ஆகிவிட்டது. ஜூன் 5 வந்தால் ஓவியம், பேச்சு, தாளாளர் கையால் ஒரு மரக்கன்று, பின்னால் ஃபிளெக்ஸ் பேனர், போட்டோ. இதற்கெல்லாம் ஓடியாடி வேலை செய்கிறோம். ஆனால் ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள், ஆயாம்மாக்கள், வாட்ச்மேன் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, கடவுள் படைத்த இந்த மண்ணுக்கு நாம் என்ன செய்கிறோம் என்று பேசியிருக்கிறோமா?

திருத்தந்தை பிரான்சிஸ் சுற்றுச்சூழல் பற்றி எழுதிய கடிதமான 'இறைவா உமக்கே புகழ்' திருமடலை 2015-ல் வெளியிட்டார். அதில் 211-வது எண்ணிட்ட பத்தியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் குறைப்பது, தண்ணீரை மிச்சப்படுத்துவது, குப்பையைப் பிரிப்பது, தேவையில்லாத விளக்கை அணைப்பது, சாப்பிடுகிற அளவுக்கு மட்டும் சமைப்பது என்று வீட்டுப் பெரியவர் சொல்வது போல வரிசையாக எழுதியிருக்கிறார். இதில் பிள்ளைகளிடம் மட்டும் சொல்ல வேண்டியது எது? எல்லாமே நமக்கு.

காலை இடைவேளையில் நாம் டீ குடிக்கிற பேப்பர் கப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் ஒன்று. அதில் டீ குடித்துவிட்டு அடுத்த பீரியடில் போய் நெகிழி ஒழிப்புப் பாடம் எடுத்தால், அந்தக் கப்புகளைக் குப்பைத் தொட்டியில் பார்க்கிற பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் வீட்டிலிருந்து கொண்டுவந்தால் முடிகிற விஷயம் இது. ஃபிளெக்ஸும் அப்படித்தான், பிவிசி என்கிற பிளாஸ்டிக். விழா முடிந்ததும் கொஞ்ச நாள் மூலையில் கிடக்கும், அப்புறம் யாராவது காய்ந்த இலையோடு சேர்த்துக் கொளுத்திவிடுவார்கள். அந்தப் புகையில் டையாக்சின் என்கிற நச்சு கலந்திருக்கும், அது வகுப்பறைக்குள்ளேயும் வரும்.

நம் ஊரில் இதை ஏதோ தூரத்து விஷயமாகப் பேச முடியாது. 2004 சுனாமியைப் பார்த்த கரை இது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2015-ல் வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், புதுச்சேரியே தண்ணீரில் நின்றது. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்களில் ரசாயன வாடையைப் பற்றியும் கெட்டுப்போன நிலத்தடி நீரைப் பற்றியும் மக்கள் எத்தனையோ வருஷமாகப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாதிரி வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகளும் நம் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று திருமடல் சொல்கிறதே, அந்த ஏழை நமக்கு ரோல் நம்பரோடு தெரிந்த பிள்ளை.

"நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லையே, இது உங்கள் மறைக்கல்வி விஷயம்" என்று சக ஆசிரியர்கள் சிலர் தயங்குவார்கள். தயங்கத் தேவையே இல்லை. பூமியில் வாழ்கிற ஒவ்வொருவரிடமும் பேச விரும்புகிறேன் என்று பிரான்சிஸ் ஆரம்பத்திலேயே எழுதிவிட்டார். வீட்டில் துளசி மாடத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிற டீச்சருக்கும், தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும்போது தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே கற்றுக்கொண்ட சாருக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கும். ஏதேன் தோட்டத்தைப் "பண்படுத்தவும் பாதுகாக்கவும்" என்று விவிலியத்தின் தொடக்கநூல் சொல்வதை அவர்கள் நம்மைவிட நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

வேலைச் சுமையும் உண்மைதான். எமிஸ் என்கிற அரசு இணையதளத்தில் விவரப் பதிவு, திருத்த வேண்டிய தாள்கள், இதோடு இன்னொரு மன்றமா என்று அலுப்பு வரும். செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை திருச்சபை படைப்பின் காலமாகக் கொண்டாடுகிறது. நமக்கோ அது காலாண்டுத் தேர்வும் விடுமுறையுமாக ஓடிவிடுகிறது. அதனால் இதை விழாவாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஜூனில் பள்ளி திறக்கும்போது பணியாளர்களுக்கு வைக்கிற தியானத்தில் அரை நாள் ஒதுக்கினால் போதும். தவக்காலத்தில் ஒறுத்தல் என்று எதையாவது விடுகிறோமே, பள்ளிக்குள் பிளாஸ்டிக் பயன்படுத்துவதைக் கைவிடுவதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

நிர்வாகத்திடமும் கேட்க வேண்டியது உண்டு. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளுகிற தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் கழிவறைக்குப் போக ஒரு குழாய் போட்டுத்தர வேண்டும். உதிர்ந்த இலைக்கு ஒரு உரக்குழி. துணி பேனர், அதுவும் வருஷம் எழுதாமல், திரும்பத் திரும்பக் கட்டுகிற மாதிரி. மழைநீர்த் தொட்டியை அக்டோபர் மழைக்கு முன்னால் திறந்து தூர்வார வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதலில், ஆயாம்மாக்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். நாம் பிரிக்காமல் போடுகிற குப்பையை வெறுங்கையால் பிரிப்பது அவர்கள்தான். எந்த வகுப்பில் சாப்பாடு அதிகம் கொட்டப்படுகிறது, எந்தக் குழாய் ராத்திரி முழுக்க ஒழுகுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்கு நாற்காலி போட்டு, கையுறை வாங்கிக் கொடுத்து, அவர்கள் சொல்வதை முதலில் எழுதிக்கொள்வோம். எங்கள் பள்ளியில் அடுத்த பணியாளர் கூட்டத்தில் இதை எழுந்து கேட்கப் போகிறேன். உங்கள் பள்ளியில் ஏற்கெனவே ஏதாவது செய்திருந்தால் எப்படிச் செய்தீர்கள், நிர்வாகம் எதற்குச் சம்மதித்தது என்று கீழே எழுதுங்கள், கூட்டத்துக்கு எடுத்துப் போகிறேன்.