மெட்டாஸ்டாஸிஸ் கணினி எழுதிய இசை அல்ல

கிரேக்க-பிரெஞ்சு இசையமைப்பாளர் யானிஸ் ஸெனாகிஸின் 'மெட்டாஸ்டாஸிஸ்' கணினியால் இயற்றப்பட்ட முதல் வாத்தியக்குழுப் படைப்பு என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்ந்து வருகிறார்கள். அன்புடன் ஒரு திருத்தம்: அந்தப் படைப்பில் கணினிக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஸெனாகிஸ் அதை 1953-54இல், பாரிஸில் லெ கொர்பூசியேயின் கட்டடக்கலை அலுவலகத்தில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே கையால் எழுதினார். தந்தி வாத்தியக்காரர்கள் 46 பேரும் முதலில் ஒரே சுரத்தில் நின்று, பிறகு விரலை எடுக்காமல் தந்தியின் மேல் இழுத்தபடி ஆளுக்கொரு வேகத்தில் பிரிந்து செல்லும் அந்தச் சறுக்கல்களை வரைபடத்தாளில் நேர்கோடுகளாக வரைந்து, அதன் பின்னரே சுரக்குறிப்பாக மாற்றினார். (கோடுகளைப் பார்த்தால் கட்டட வரைபடம் என்றே தோன்றும்; கணினி எழுதியது என்ற குழப்பம் இங்கிருந்து வந்திருக்கலாம்.) படைப்பு 1955இல் ஜெர்மனியின் டொனாவெஷிங்கன் இசை விழாவில் அரங்கேறியது.

கணினியை அவர் பயன்படுத்தியது உண்மைதான், ஆனால் அது 1962இல் பாரிஸில் ஒலித்த 'எஸ்டி/10' போன்ற படைப்புகளுக்காக. அவற்றைக் கணக்கிட்ட ஐபிஎம் 7090 இயந்திரம் 1959இல்தான் புழக்கத்துக்கு வந்தது.

சரிபார்க்க விரும்புவோர், 'மெட்டாஸ்டாஸிஸ்' இயற்றப்பட்ட ஆண்டையும் அந்த இயந்திரம் வெளிவந்த ஆண்டையும் ஒப்பிட்டாலே போதும். அவருடைய 'ஃபார்மலைஸ்டு மியூசிக்' நூலின் தொடக்கப் பக்கங்களில் படைப்பின் 309 முதல் 314 வரையான அளவுகளுக்குரிய (இசைக்குறிப்பில் கோடிட்டுப் பிரித்த தாளப் பகுதிகளுக்குரிய) வரைபடம் அச்சாகியிருக்கிறது. அந்தக் கோடுகளை அச்சிட்ட இசைக்குறிப்புடன் பக்கத்தில் வைத்தும் பார்க்கலாம்.