என் வீடு விற்பனைக்கு இல்லை

கடந்த ஞாயிற்றுக்கிழமை வெளியான அந்தக் காணொளியை உங்களில் பலரும் பார்த்துவிட்டீர்கள் என்பது எனக்கு வருகிற அழைப்புகளிலிருந்தே தெரிகிறது. ஆகவே நானும் அதைப் பகிர்ந்து, எடுத்தவருக்குப் பார்வையாளர்களைச் சேர்த்துத் தரப் போவதில்லை. திருவையாற்றில், காவிரியிலிருந்து நான்கு நிமிட நடையில், திண்ணையும் ரேழியும் முற்றமும் உள்ள ஓட்டு வீடு "வெறும் பதினெட்டு லட்சம்தான்" என்று அந்தத் தம்பி கையை நீட்டிக் காட்டுகிறாரே, அது நான் குடியிருக்கும் வீடு. அதை விற்பதாக நான் யாரிடமும் சொன்னதில்லை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என்னையும் படம் பிடித்து, "இந்தப் பாட்டிகளுக்கு இதன் மதிப்பே தெரியாது" என்று வேறு சொல்லியிருக்கிறார். எனக்கு இன்னும் அறுபது ஆகவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிட்டு மேலே போகிறேன்.

அந்தக் காணொளியில் விலை இருக்கிறது, முற்றத்தில் விழும் வெயில் இருக்கிறது, பின்னணியில் வீணைகூட இருக்கிறது. மனை யாருடையது என்ற கேள்வி மட்டும் இல்லை. அவர் விலை சொன்ன மண் எனக்கே சொந்தமில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

இந்தப் பக்கத்துக் கோயில் ஊர்களில் பழைய வீதிகளில் வளர்ந்தவர்களுக்கு அடிமனை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மண் கோயிலுக்கோ மடத்துக்கோ உரியது. சுவரும் கூரையும் கதவும் மட்டுமே குடியிருப்பவருடையவை. மண்ணுக்கு மனை வாடகை செலுத்தி ரசீது வாங்க வேண்டும். 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றாலும் அடமானம் வைத்தாலும் ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட்டாலும் அது செல்லாது. சென்னையில் அறுபது லட்சத்துக்கு அடுக்குமாடி வீடு தேடுகிறவருக்கு இங்கே பதினெட்டு என்று கேட்டதும் தலை சுற்றுகிறது. அந்த விலை ஏன் பதினெட்டாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

எனக்கும் தோன்றவில்லை. 2012-இல் நான் முதலில் பார்த்தது இந்த வீடன்று, அடுத்த தெருவில் இருந்த வேறொரு வீடு. கொல்லையில் கிணறும் நார்த்தை மரமும் இருந்தன. அந்த மரத்தைப் பார்த்த மயக்கத்தில் ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். பிறகு ஒரு பத்திரம் எழுதுபவரிடம் தாய்ப்பத்திரத்தின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் பக்கத்தில் இரண்டே சொற்களின் மேல் விரலை வைத்தார்: "அடிமனை நீங்கலாக." தரகரிடம் கேட்டால், "இந்தத் தெருவே அப்படித்தான் அக்கா, எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க" என்றார். முன்பணம் திரும்பி வரவே இல்லை. இப்போதைய வீட்டை அடிமனை என்று தெரிந்தே வாங்கினேன். மனை வாடகை ரசீதுகளைப் பத்தாண்டுகளுக்குப் பின்னோக்கிச் சரிபார்த்தேன். எந்த வங்கியும் கடன் தர முன்வராததால் நகைகளை விற்றேன். கோயில் பதிவில் குடியிருப்பவர் என்ற இடத்தில் என் பெயர் ஏறுவதற்கு எத்தனை முறை எத்தனை மேசைகளுக்கு முன்னால் நின்றேன் என்பதை இங்கே எழுதினால் இந்தப் பதிவு முடியாது. இவ்வளவுக்குப் பிறகும் நான் மதிப்புத் தெரியாத பாட்டி.

ஆற்றைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தால் நல்ல ஆண்டு. ஜனவரி 28 அன்று மூடுவது வழக்கம். புஷ்ய மண்டபப் படித்துறையில் நீர் தொட்டுக்கொண்டு ஓடும் காட்சியை ஆடியில் எடுத்தவர்கள், தயவு செய்து பங்குனியிலும் ஒருமுறை வாருங்கள். அப்போது நான்கு நிமிடம் நடந்தால் மணலும் கருவேலமும்தான். நீரில்லாத நாளிலும் இந்த ஆற்றை விரும்புகிறவர்தான் இங்கே இருக்க முடியும்.

வீடு விற்பனைக்கு இல்லை என்று நான் சொன்னதற்கு, "ஊர் வளர்வது உங்களுக்குப் பிடிக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வளரட்டும், யார் வேண்டாமென்றது? உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் பழமையைக் கட்டிக் காப்பவர்கள் என்ற பொய்யையும் நான் சொல்லவில்லை. தியாகராஜர் வாழ்ந்த திருமஞ்சன வீதி வீடே இடிக்கப்பட்டு அங்கே புதுக் கட்டடம் எழுந்த ஊர் இது.

இன்னொருவர், "நீங்களும் வெளியூரிலிருந்து வந்தவர்தானே, வந்தவுடன் கதவைச் சாத்துகிறீர்களா?" என்று எழுதியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் இதுதான் என்னைத் தைத்தது. நான் கதவைச் சாத்தவில்லை ஐயா. கதவு மட்டும்தான் எங்களுடையது, கீழே இருக்கும் மண் இல்லை என்றுதான் சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக, ஏழு ஊர்க் கோயில்களைச் சுற்றிவரும் சாமியின் ஏழூர்ப் பல்லக்குக்கு வாசலில் நீர் தெளித்துக் காத்திருக்கிறேன். தியாகராஜர் ஆராதனை நாட்களில் முன்பின் அறியாதவர்களுக்குத் திண்ணையில் பாய் விரித்திருக்கிறேன். இன்னும் எத்தனை ஆண்டுகள் போனால் உள்ளூர்க்காரியாவேன் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

வெளியிலிருந்து வந்த பெண் என்றால் இந்த ஊரில் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளை மறந்துவிட்டுப் பேச முடியாது. தியாகராஜரின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்ததைக் கண்டு, ஆற்றங்கரையில் அந்த இடத்தைப் பெறுவதற்கு அலைந்து, தம் சொத்தையும் நகையையும் செலவிட்டு, 1921-இல் அடிக்கல் நாட்டிச் சில ஆண்டுகளில் கோயிலாக்கியவர் அவர். அப்போதும் பெண்கள் சமாதியின் முன் பாடக் கூடாது என்றார்கள். அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார். 1952-இல் மறைந்த அவருடைய சமாதியும் அங்கேயே இருக்கிறது. என்னை அவரோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவருடைய கால் தூசிக்கு நான் ஈடில்லை. ஆனால் அவரும் முதலில் மண் யாருடையது என்று கேட்டுத்தான் கல் வைத்தார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பன்னிரண்டாவது அழைப்பு வந்தது. வரும் சனிக்கிழமை குடும்பத்தோடு வந்து "வீட்டைப் பார்க்கலாமா" என்று கேட்டார்கள். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. காப்பி உண்டு, திண்ணையில் உட்காரலாம், விலை மட்டும் பேச வேண்டாம் என்றேன். "அப்படியானால் பக்கத்து வீடு?" என்றார்கள். பக்கத்து வீட்டின் மனையும் அதே கோயிலுடையதுதான் என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை, பிறகு, "அடிமனை என்றால் என்னம்மா?" என்று கேட்டார்கள்.