வளையத்தைக் குறை சொல்லாதீர்கள்

2011 அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து இறுதிப் போட்டியில் கனெக்டிகட் அணிக்கு எதிராக பட்லர் அணி 64 முறை பந்தை எறிந்து 12 முறைதான் கூடைக்குள் போட்டது. ஹூஸ்டனில் அந்த ஆட்டம் நடந்தது பிரம்மாண்டமான அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில். வளையத்துக்குப் பின்னால் வெட்டவெளி, அதனால்தான் குறி தப்பியது என்கிறது ஒரு கட்டுரை. பாதி சரி.

ஆனால் இரண்டு நாள் முன்பு இதே மைதானத்தில்தானே அரையிறுதியில் 70 புள்ளி எடுத்தார்கள்? அப்புறம், தொலைவிலிருந்து எறிந்த 33 மூன்று புள்ளி முயற்சிகளில் 9 விழுந்தன. கிட்டே போய் எறிந்த 31ல் விழுந்தவை வெறும் 3! வெட்டவெளி கண்ணை ஏமாற்றினால் தூரத்து எறிகள்தானே முதலில் கெட வேண்டும்? இங்கே நடந்தது தலைகீழ். கனெக்டிகட்டின் நெட்டைப் பையன்கள் வளையத்தடியில் சுவர் மாதிரி நின்றார்கள். பட்லர் உள்ளே நுழைந்தால் தட்டிவிட்டார்கள். தட்டாதபோதும் அந்தப் பயத்தில் பந்து எக்குத்தப்பாகப் போனது.

இடைவேளையில் 22–19 என்று பட்லர்தான் முன்னிலை, நம்புவீர்களா? கடைசியில் 53–41 என்று கனெக்டிகட் ஜெயித்தது. முந்தைய ஆண்டு இறுதிப் போட்டியில் டியூக் அணியிடம் 61–59 என்று தோற்றதாவது கௌரவமான தோல்வி. இதை முழுசாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் கோப்பை கொடுத்திருக்க வேண்டும். ஜெயித்த கனெக்டிகட்டும் ஒன்றும் பிரமாதமில்லை, எறிந்த 55ல் விழுந்தவை 19தான்.