"உங்க கால் அப்படி சார்"

இன்னிக்குக் காலையில மெக்கானிக் அருளிய வாக்கு இது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கிட்டிருந்த கார், ஹீட் ஆகி, இன்ஜின் தலைக்கு அடியில இருக்கிற ஹெட் கேஸ்கெட் தகடை மாத்தி வந்ததுலேர்ந்து 10-ஐத் தாண்ட மாட்டேங்குது. கை வெச்சது இன்ஜின்ல. கெட்டுப்போனது ஆக்சிலேட்டரை மிதிக்கிற என் காலாம்!

இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் கேளுங்க. "இப்பதான் வேலை பார்த்திருக்கு, 1000 கிலோமீட்டர் ஓடட்டும் சார்." ஓடுச்சு. "ஏசியைக் குறைங்க." மே மாசத்துல, வேலூர் சத்துவாச்சாரியில! அப்புறம் பிளக், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் கிளீனிங், ஒவ்வொண்ணுக்கும் தனி பில். கழட்டின பிளக்குல கரி அப்பிக் கிடந்துச்சு. இவ்ளோ கரி ஏன்னு ஒரு நிமிஷம் யோசிக்கலாமில்ல? புதுசை மாட்டிட்டு டீ சொல்லிட்டார்.

அப்புறம் பெட்ரோல் மேல பழி. "20 சதவீதம் எத்தனால் சார், மைலேஜ் எங்கேர்ந்து வரும்?" சரிப்பா. எத்தனால்ல சக்தி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு கம்மி. 20 சதவீதம் கலந்தா ஆறேழு சதவீதம் அடிபடும். 16-ல ஒண்ணு போகும், விடு. மிச்சம் அஞ்சை யார் குடிச்சது?

சாயங்காலம் ராணிப்பேட்டையில ஒரு பெரியவர்கிட்ட போய் நிறுத்தினேன். மனுஷன் பானெட்டைக்கூடத் திறக்கலை. "ஹீட் முள் எங்க நிக்குது?"ன்னார். ஹைவேல விரட்டிக்கிட்டு வந்த வண்டி, முள் அடிமட்டத்துல படுத்திருக்கு. "தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கிட்டானுங்களா?"

உடனே நம்மாளுக்கு போன் போட்டேன். கூச்சமே இல்ல. "ஆமா சார், நான்தான் கழட்டினேன். மறுபடி ஹீட் ஆவக் கூடாதில்ல? நம்ம வேலூரு வெயிலுக்கு அது இன்னாத்துக்கு சார்?"

அய்யா சாமி! வெளியே 42 டிகிரி நமக்குத்தான் வெயில். இன்ஜினுக்கு அது மார்கழி! உள்ளே சுத்துற தண்ணி 80 டிகிரியைத் தாண்டினாத்தான் அதுக்குச் சூடு. அதுவரைக்கும், தண்ணியை ஆற வைக்கிற ரேடியேட்டருக்குப் போற வழியை மூடி வைக்கிறதுதான் அந்த வால்வோட வேலை. அது இல்லாட்டி தண்ணி எந்நேரமும் ரேடியேட்டரைச் சுத்தும், ஹைவே காத்துல இன்னும் ஆறும். சென்சார் 'இன்னும் குளுருது'ன்னு சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி பெட்ரோலைக் கூடுதலா ஊத்தும். பிளக்குல கரி ஏறும். பழி என் கால் மேல விழும்.

"சரி, அந்த வால்வு எங்கய்யா?"

"பையன் பழைய சாமானோட எடைக்குப் போட்டுட்டான் சார்."

சிரிச்சுட்டேன், வேற என்ன பண்ண? புது வால்வு நாளைக்கு வருதாம், பெரியவர் மாட்டித் தர்றேன்னிருக்கார்.

அதெல்லாம் இருக்கட்டும். ஒவ்வொரு தடவை வண்டியை விடும்போதும் என் டிரைவர் சீட்டைக் கட்டில் மாதிரி சாய்ச்சு, பாட்டு சவுண்டை முழுசா ஏத்தி வெச்சிட்டுப் போறானே ஒருத்தன், யார்றா நீ?